மாமியின் காலில் உள்ள புண் சிலந்தி கடித்ததாலா?

வாசகியின் கடிதம்:

வணக்கம் டொக்டர். நாங்கள் சாம்பல்தீவில் இருக்கிறோம். மாரி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை, என் மாமி (வயது 63, நீரிழிவு உள்ளவர்) எழும்பும்போதே பாதத்தில் எரிவு என்றார். பார்த்தால் சிவந்து, நடுவில் இரண்டு சின்னக் கொப்புளம். அயலவர்கள் புலிமுகச் சிலந்தி கடித்திருக்கிறது என்றார்கள். பரியாரியார் ஒருவர் பச்சிலை அரைத்துக் கட்டினார். இன்றைக்கு ஆறு நாள், வீக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சிலந்தியை யாரும் காணவில்லை. ஆனால் எங்கள் குளியலறைச் சுவரில் கையகலத்தில் ஒரு சிலந்தி இருக்கிறது. வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொத்தான் போல ஒன்றை வைத்திருக்கிறது. என் ஒன்பது வயது மகன் அதைக் கையால் பிடிக்கப் பார்க்கிறான். கணவர் மருந்தடித்து எல்லாச் சிலந்தியையும் கொல்ல வேண்டும் என்கிறார். சிட்னியில் இருக்கும் அண்ணா, சிலந்தி கடித்தால் உயிரே போய்விடும் என்று பயமுறுத்துகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை வாசித்த அன்றே, பதில் வெளியாகும்வரை காத்திருக்க மனம் ஒப்பாமல், நீங்கள் தந்திருந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, மாமியாரை அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நீங்களும் தாமதிக்கவில்லை. உங்கள் அனுமதியோடு மற்ற வாசகர்களுக்காக இங்கே குறிப்பிடுகிறேன்: அவருடைய காலில் இருந்தது கிருமித் தொற்று. மழைநீரில் நின்று நடந்ததால் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி வெடித்து, அந்த வெடிப்பின் வழியே கிருமி உள்ளே புகுந்து, தோலுக்கடியில் சீழ் கட்டியிருந்தது. சீழை வெளியேற்றி, நுண்ணுயிர் கொல்லி மருந்தை ஊசி வழியாகக் கொடுத்து, கட்டுமீறி உயர்ந்திருந்த சீனியின் அளவையும் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கும், இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். ஆகவே இன்னும் சில நாட்கள் பச்சிலைக் கட்டோடு இருந்திருந்தால் விரலையோ பாதத்தையோ இழக்க நேர்ந்திருக்கும் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

யாரும் சிலந்தியைக் காணவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கடித்த சிலந்தியைக் கடித்த இடத்திலேயே கண்ணால் கண்டிருந்தால் ஒழிய, ஒரு புண்ணைச் சிலந்திக்கடி என்று பெயரிடக் கூடாது என்பதை என் தொழிலில் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறேன். நம் மொழியே இங்கே ஒரு குழப்பத்துக்கு இடம் வைத்திருக்கிறது. தமிழ் அகராதிகளில் சிலந்தி என்ற சொல்லுக்கு எட்டுக்கால் பூச்சி என்ற பொருளோடு புண், கட்டி என்ற பொருளும் உண்டு. தோலை உடைத்துக்கொண்டு புழு வெளிவரும் பழைய நோய் ஒன்றை நரம்புச் சிலந்தி என்றே அழைத்தார்கள். அதற்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் தெரியாமல் பழுத்து உடையும் புண்ணைச் சிலந்தி என்று சொல்லிப் பழகிய நாக்கு, சுவரில் இருக்கும் பூச்சியின்மேல் பழியைப் போடுவது இயல்புதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுவிடுகிறது.

சிலந்தி இரத்தம் குடிக்கும் பூச்சி அன்று. உறங்குகிறவரைத் தேடி வந்து கடிப்பதற்கு அதற்குத் தேவையே இல்லை; உடலுக்கும் துணிக்கும் இடையில் நசுங்கும்போது தற்காப்புக்காக ஒருமுறை கடிக்கும், பின் ஓடிவிடும். ஆகவே வரிசையாக நாலைந்து தடிப்புகள் எழும்பிச் சொறிந்தால் மூட்டைப்பூச்சியையோ தெள்ளையோ தேடுங்கள். மழைக்காலத்தில் தம்பலகாமம், கிண்ணியா போன்ற வயல்புறங்களில் இருந்து வருகிறவர்களிடம் நான் பார்க்கும் கோடுபோன்ற எரிகொப்புளங்கள் பெரும்பாலும் ஒரு சிறு வண்டினால் வருபவை. எறும்பைப் போல ஒடுங்கிய, செம்மஞ்சளும் கறுப்புமான அந்த வண்டு இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊர்வதை நாம் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடலில் இருக்கும் நஞ்சு தோலில் பட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கொப்புளமாகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடங்கும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுக்கொன்று நேராக ஒரே மாதிரியான புண் தோன்றும். சிலந்தியின் எச்சில் பட்டது, மூத்திரம் பட்டது என்று சொல்லிக்கொண்டு வரும் பலருக்கு இருப்பது இதுவாக இருக்கும். அல்லது அக்கியாக இருக்கும். அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழும்பும், கொப்புளம் வருவதற்கு முன்பே அந்த இடம் வலிக்கும். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்பதால், அங்கேயும் சிலந்தி என்ற பெயர் காலத்தைத் தின்றுவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், நள்ளிரவில் ஏதோ சுருக்கென்று பட்டது, சிலந்தியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மீண்டும் படுத்திருக்கிறார். தோலில் குறிப்பிடும்படியான அடையாளம் எதுவும் இல்லை, வீக்கமும் இல்லை. விடியும்போது வயிற்றுவலி வந்திருக்கிறது. எங்களிடம் வந்தபோது இமைகள் தொங்கிவிட்டன, எச்சிலை விழுங்க முடியவில்லை. அது எட்டடி விரியன் என்று சிலர் சொல்லும் கட்டுவிரியன் கடி. செயற்கைச் சுவாசத்தில் வைத்து அவரைக் காப்பாற்ற முடிந்தது. எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிடைப்பதில்லை. கட்டுவிரியனின் கடி வலிக்காது, பல்லின் தடமும் பல வேளை தெரியாது என்பதே அதன் கொடுமை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடியைக் காட்டிக்கொடுக்கும்; கட்டுவிரியனின் விஷமோ நரம்பைத் தாக்குவது, ஆகவே அதைக் கண்டறிய நோயாளியை வார்டில் வைத்துக் கவனித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரவில் தரையில் படுத்திருந்தவரை ஏதோ கடித்தது, எது என்று தெரியாது என்றால், அதைப் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். அது சிலந்தியாக இருந்து நீங்கள் வீணாக ஓர் இரவு வார்டில் தங்க நேர்ந்தால், அதற்காக எந்த வைத்தியரும் உங்களைக் கோபிக்கக் கூடாது.

இனி உண்மையான சிலந்திக்கடி எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். உள்ளகப் பயிற்சி முடிந்த ஆண்டு, உப்புவெளியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், மழைக்குப் பயந்து விறாந்தைக் கொடியில் காயப்போட்டிருந்த சாரத்தை இருட்டிலேயே இழுத்து உடுத்தேன். முழங்காலுக்கு மேலே குளவி கொட்டியதுபோல் ஒரு சுளீர். உதறியபோது, உங்கள் குளியலறையில் இருப்பதைப் போன்ற பெரிய வீட்டுச் சிலந்தி ஒன்று, ஒரு காலை இழந்த நிலையில், சுவரில் ஏறி ஓடியது. வலியின் உச்சம் அரை மணித்தியாலம் இருந்தது. ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குச் சிவந்து தடித்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் சிவப்பு மங்கிவிட்டது, இரண்டு நாள் அரிப்பு மட்டும் இருந்தது. பெரும்பாலான சிலந்திக்கடிகளின் கதை இவ்வளவுதான். உலகில் இதுவரை 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மிகச் சில இனங்களைத் தவிர எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு என்றாலும், அது பூச்சியை மயக்கப் போதுமான நஞ்சு. மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்க சில கூட்டங்களே.

அந்தச் சிலவற்றில் நம் நாட்டுப் புலிமுகச் சிலந்தியும் ஒன்று என்பதால் அயலவர்களின் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சாம்பல் நிற உடலில் பின்னல்போன்ற கோலமும், முன்னங்கால்களின் அடிப்பக்கத்தில் பளிச்சென்ற மஞ்சளும், அடர்ந்த மயிரும் கொண்ட அது, உங்கள் சுவரில் இருக்கும் தட்டையான மண்ணிறச் சிலந்தியில் இருந்து முற்றிலும் வேறுபட்டது. பழைய மரங்களின் பொந்துகளிலும் பட்டைகளுக்கு அடியிலும் வாழும். மரம் தறிக்கப்பட்டால் பழைய கட்டடங்களுக்குள் இடம் தேடி வரும். மாங்குளத்தில் 2009 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு 2012 இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட, கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் அகலம் வரும் புலிமுகச் சிலந்தியை ஆய்வாளர்கள் மரப்பொந்துகளில் மட்டுமல்லாமல் அங்குள்ள வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் கண்டார்கள். 

இதன் கடியை நான் சிகிச்சையில் பார்த்திருக்கிறேன். விறகு அடுக்கை வெறுங்கையால் பிரித்த கமக்காரர் ஒருவருக்கு விரலில் கடித்தது. கை வீங்கிக் கடுமையாக வலித்தது, ஆனால் மாலைக்குள் குறைந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த அன்றிரவு, கடித்துப் பத்து மணித்தியாலம் போல் ஆனபோது, கெண்டைக்காலிலும் முதுகிலும் தாடையிலும் தசைகள் இழுத்துப் பிடிக்கத் தொடங்கின. தசையைத் தளர்த்தும் மருந்துகளுக்கு அது அடங்கியது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். அதன் பின்பும் இரண்டு வாரம்வரை அவ்வப்போது கால் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். இப்படித் தாமதித்து வரும் தசைப்பிடிப்புத்தான் இந்தச் சிலந்திக்கடியின் தனி அடையாளம், ஆகவே வலி தணிந்துவிட்டது என்பதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அவருடைய மகன் அடிபட்ட சிலந்தியை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கொண்டுவந்திருந்தது எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வந்தாலே போதும். அதற்காகச் சிலந்தியின் பின்னால் ஓடி இன்னொரு கடி வாங்க வேண்டாம்.

உண்மையாகவே சிலந்தி கடித்ததைக் கண்டால், அந்த இடத்தைச் சவர்க்காரத்தாலும் தண்ணீராலும் நன்றாகக் கழுவுங்கள். ஐஸ்கட்டியை நேரே தோலில் வைக்காமல் துணியில் சுற்றிப் பத்து நிமிடம்போல் ஒத்தடம் கொடுங்கள். கையில் என்றால் மோதிரம், காப்பையும், காலில் என்றால் மெட்டி, கொலுசையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனையால் சுற்றி வரைந்து நேரத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்புப் பரவினால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, விஷக்கல் வைப்பது ஆகிய நான்கும் கெடுதியே செய்யும். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வலி கடித்த இடத்தைவிட்டு வயிறு, நெஞ்சு என்று பரவுதல், தசைப்பிடிப்பு, உடல் முழுதும் வியர்த்தல், வாந்தி, மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குதல், இமை தொங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் உங்கள் மாமியாரைப் போன்ற நீரிழிவாளர்களையும் அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே காட்டுங்கள். சிலந்திக்கும் பாம்புக்குப் போடும் விஷமுறிவு ஊசியைப் போடச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் உண்டு. நாம் பயன்படுத்தும் அந்த இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரானது. அது சிலந்தி நஞ்சை முறிக்காது, ஒவ்வாமையால் ஆபத்தையும் உண்டாக்கலாம்.

உங்கள் அண்ணா சொன்னது அவர் வாழும் ஊருக்குப் பொருந்தும் எச்சரிக்கை. சிட்னிப் பகுதியில் புனல்போல் வலை பின்னும் கறுத்த சிலந்தி ஒன்று உண்டு. அதன் ஆண் கடித்தால், சிகிச்சை இல்லாவிடில் சில மணித்தியாலத்தில் உயிர் போகக்கூடும். அந்தச் சிலந்தி அவுஸ்திரேலியாவை விட்டு வெளியே இல்லை. அங்கேயே கூட, 1981 இல் அதற்கான முறிவு மருந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடியால் ஒருவரும் இறந்ததாகப் பதிவு இல்லை. அங்கே அந்தக் கடிக்கு உறுப்பு முழுவதையும் அழுத்திக் கட்டி அசையாமல் வைக்கச் சொல்வார்கள். அந்தக் காணொளியைப் பார்த்து இங்கே வீட்டுச் சிலந்தி கடித்த கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த இளைஞர் ஒருவருக்கு, கடியைவிடக் கட்டுத்தான் அதிக வேதனையைக் கொடுத்திருந்தது.

மருந்தடிப்பது பற்றி உங்கள் கணவருக்கு என் பணிவான கருத்து இது. அந்த மருந்து பட்ட சிலந்தி உடனே சாகாது. திகைத்துத் தாறுமாறாக ஓடிக் கட்டிலிலும் துணியிலும் விழும், கடிபட அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. மூடிய குளியலறையில் அடித்த மருந்தை அடுத்ததாகச் சுவாசிக்கப் போகிறவனும் உங்கள் மகன்தான். பெரிய வீட்டுச் சிலந்தி வலை பின்னாது, இரவில் நடந்து கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். கரப்பான் இருக்கும்வரை ஒரு சிலந்தி போனால் இன்னொன்று வரும். அந்த உழைப்பை வேறிடத்தில் போடலாம். விறகையும் பழைய ஓட்டையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்காமல் தள்ளி வையுங்கள். அவற்றைப் பிரிக்கும்போது தடித்த கையுறை போடுங்கள். மூலைகளில் ஒட்டறையை வாரம் ஒருமுறை நீண்ட தடியால் அடியுங்கள். சப்பாத்தையும் கொடியில் காய்ந்த துணியையும் உதறிவிட்டுப் போடுங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது அதைத்தான். மாமியாரைத் தரையில் படுக்க விடாமல், சுவரைத் தொடாத கட்டிலில், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிப் படுக்கவையுங்கள். இது சிலந்திக்காக என்பதைவிடக் கட்டுவிரியனுக்காகச் சொல்வது.

உள்ளே வந்த சிலந்தியை வெளியே விடுவதற்கு ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும், தடித்த அட்டை ஒன்றும் போதும். கலியாண அழைப்பிதழ் அட்டை இதற்கு நன்றாக உதவும். சிலந்தி சுவரில் அசையாமல் இருக்கும்போது, கால் எதுவும் விளிம்பில் நசுங்காதபடி டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, அட்டையைச் சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளி, இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி வளவின் எல்லையில் உள்ள மரத்தடியிலோ வேலியிலோ கொண்டுபோய், வாயை உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பித் திறந்துவிடுங்கள். அவசரம் கூடாது, பெரிய சிலந்தி நீங்கள் எண்ணுவதைவிட வேகமாக ஓடும். புலிமுகச் சிலந்தி என்று சந்தேகம் வந்தாலோ, இந்த முறையைக் கையாள வேண்டாம். முன்னங்கால்களைத் தூக்கி நின்றால் அது கடைசி எச்சரிக்கை. பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அறைக்கதவைச் சாத்தி, வெளிப்பக்க யன்னலைத் திறந்துவைத்தால் இரவில் அதுவாகப் போக வாய்ப்பு உண்டு. போகாவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தினரிடம் கேளுங்கள். இந்தச் சிலந்திகளைக் கொல்லவோ பிடித்து விற்கவோ முற்படாதீர்கள். வளர்ப்பதற்காகக் கடத்தப்படுவதாலும் காடு அழிவதாலும் அருகிவிட்டதால், 2019 முதல் இந்தக் கூட்டம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது.

மகனின் ஆசையைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. வெறுங்கையால் பிடிக்க வேண்டாம் என்று அவனிடம் உறுதியாகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பொத்தான் முட்டைப் பை. அதைச் சுமக்கும் தாய்ச் சிலந்தி மற்ற நேரத்தைவிட எளிதில் கடிக்கும். கையில் இருந்து கீழே விழுந்தால் அதன் மெல்லிய வயிறு உடைந்து, தாயோடு முட்டைகளும் அழியும். அவனைக் கதவடியில் ஒரு முக்காலி போட்டு இருத்தி, ஒவ்வொரு மாலையும் அது எங்கே இருக்கிறது, பை எப்படி இருக்கிறது என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பை விரிந்தால் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளிவரும் என்பதால், அது உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால், அதற்கு முன் ஒரு மாலையில், டப்பாவை நீங்களும் அட்டையை அவனுமாகப் பிடித்து, மழைத்தூறல் விழாத பூவரச மரத்தடியாகப் பார்த்து விட்டுவிடுங்கள்.